எண்ணெய் படாத செயின்

எண்ணெயைப் பற்றி என்னிடம் யாரும் வாதாட வரக்கூடாது. இருபத்தாறு வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். ஓடுகிற இரும்பு எதுவானாலும் அதில் இரண்டு சொட்டு விட்டால்தான் என் மனசு ஆறும். வீட்டுக் கதவின் கீல், தையல் மெஷின், பக்கத்து வீட்டு கேட் என்று யாரும் கேட்காமலே விட்டுவிட்டு வருவேன். "சேகரன் வந்துட்டுப் போனாருன்னா தரையைத் தொடைக்கணும்" என்று எங்கள் கட்டடத்துப் பெண்கள் பேசிக்கொள்வதும் எனக்குத் தெரியும். இப்படிப்பட்டவன் ராமக்காளின் சைக்கிளைப் பற்றி எழுதுவது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் அந்த விவகாரத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, அதை நானே சொல்லிவிடுவது நல்லது.

மைசூரில் கேசரே பக்கம் எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டில் குடியிருப்பவள் ராமக்காள். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் தாலுகா ராமாபுரத்துக்காரி. புருஷன் கெம்பையன் சென்ட்ரிங் வேலை செய்கிறான். நாள் முழுவதும் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவன் பேசாத பங்கையும் சேர்த்து இவள் பேசுவாள். வயது நாற்பத்திரண்டு.

அவளுக்குத் தொழில் குச்சு கட்டுவது. பட்டுச்சேலையின் முந்தானை ஓரத்தில் தொங்கும் இழைகளைப் பிரித்து, முடிந்து, பட்டுநூலில் குஞ்சம் குஞ்சமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். இந்த ஊரில் குச்சு இல்லாத பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு எந்தப் பெண்ணும் கல்யாணத்துக்குப் போகமாட்டாள். மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கும் மஞ்சுநாத் என்பவரிடமிருந்து சேலைகளை வாங்கிவந்து, வீட்டில் உட்கார்ந்து கட்டி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பாள். போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர். அதை அவள் சைக்கிளில் போய்வந்தாள்.

சைக்கிள் என்றால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் இல்லை. பக்கத்து அபார்ட்மெண்டில் இருந்த ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போகும்போது விற்ற கியர் சைக்கிள். மேட்டில் கால் நோகாமல் ஏறும் என்று அதைத்தான் பிடித்து வாங்கினாள். அதில் ஒரே குறை, செயினுக்கு மூடி கிடையாது. கியர் இருப்பதால் மூடி போடவும் முடியாது என்று சைக்கிள் கடை உமேஷ் கையை விரித்துவிட்டான்.

வினை அங்கேதான் இருந்தது. பட்டுக்கடையில் நாற்காலி கிடையாது. தரையில் மெத்தை போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். சேலையைக் கொண்டுவந்தவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் விரித்து, குச்சு வரிசையைக் காட்ட வேண்டும். போன ஆடி மாதம் ஒரு நாள் ராமக்காள் அப்படித்தான் சந்தன நிறச் சேலை ஒன்றை விரித்திருக்கிறாள். வரும் வழியில் அவளுடைய பேண்ட் ஓரம் செயினில் உரசி, பல் பல்லாகக் கறுப்பு அப்பியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. சேலையின் உடலில் நாலு கறுப்புப் பல் பதிந்துவிட்டது. டிரை வாஷுக்கு மூன்று முறை போட்டும் நிழல் போகவில்லை. வாங்க வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மஞ்சுநாத் கத்துகிற மனிதர் இல்லை. பாதி கன்னடமும் பாதித் தமிழுமாக மெதுவாகத்தான் பேசுவார்.

"நோடி, பாரு ராமக்கா, உன் கை மாதிரி கை எனக்குக் கிடைக்காது. ஆனா அந்த சைக்கிள் பேடா, வேண்டாம். ஆட்டோல வா."

"ஆட்டோவுக்குக் குடுத்துட்டு நான் என்னத்தைக் கட்டறதுங்க? சைக்கிள்லதான் வருவனுங்க. இனிக் கறை வராதுங்க."

"தசரா வரைக்கும் பாக்கறேன். ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி சேலைல வந்துச்சுன்னா பையை இங்கயே வெச்சுட்டுப் போயிடு. புள்ளி வராம இருந்தா சைக்கிள் பேச்சே நான் எடுக்கமாட்டேன்."

அவளுக்கு வேறு கடை கிடைக்காமலா போகும் என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கும். ஆனால் மாசம் முழுக்க வேலை கொடுக்கிற கடை, கையைப் பார்த்து கல்யாணச் சேலையை நம்பிக் கொடுக்கிற கடை, அது ஒன்றுதான். அந்த இடத்துக்கு வர அவளுக்கு ஒன்பது வருஷம் ஆயிருந்தது.

அன்று சாயங்காலம் என்னிடம்தான் வந்தாள். நான் ஃபிட்டர் இல்லையா, முழு மரியாதையோடு கேட்டாள்.

"ஏனுங்ணா, எண்ணெய் இல்லாம செயின் ஓடாதுங்களா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒரு பெரிய பிரசங்கமே செய்தேன். இரும்பும் இரும்பும் உரசினால் தேயும், நடுவில் எண்ணெய் இருந்தால்தான் வழுக்கும், கறுப்பாவது எண்ணெயின் தப்பு இல்லை, தெருப்புழுதியின் தப்பு, கம்மியாக விட்டுத் தினமும் துடைத்தால் போதும் என்றெல்லாம் சொன்னேன். அவளும் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, ஒரு வாரம் நான் சொன்னபடியே துடைத்தாள். தினமும் கந்தல் துணி கறுப்பானது. துடைத்து முடித்த செயினை விரலால் தொட்டுப் பார்த்தால் விரலும் கறுப்பு. பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு போய்ப் பார்த்தாள். கறுப்பு கெண்டைக்காலில் ஒட்டியது, தெருவில் நாலு பேர் வாயிலும் விழுந்தாள்.

எட்டாம் நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். கையில் ஒரு மெழுகுவத்தித் துண்டு.

"இதைப் பாருங்ணா. குச்சுக்கு உள்முடிச்சுப் போடற நூலை நாங்க இந்த மெழுகுல ஒருக்கா இழுத்துக்குவமுங்க. நூலு சிலும்பாது, சிக்காது, வழுக்கிட்டுப் போகும். துணில ஒட்டாது. இதையே செயினுக்குப் போட்டா என்னுங்க?"

"உன் நூலும் என் செயினும் ஒண்ணா?" என்றேன்.

"நீங்க போட்டுப் பாத்திருக்கீங்களா?"

நான் போட்டுப் பார்த்ததில்லை. ஆனால் அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. அவள் விடவில்லை. அன்றே போனில் தேடி, பந்தயச் சைக்கிள்காரர்கள் செயினை உருக்கிய மெழுகில் முக்கி எடுக்கிற வீடியோவைக் கண்டுபிடித்துவிட்டாள். அது புரியாத பாஷையில் இருந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டு, கையை மட்டும் பார்த்தே புரிந்துகொண்டாள். கைவேலைக்காரி அல்லவா.

மண்டி மொஹல்லாவிலேயே அரைக் கிலோ மெழுகுக் கட்டி வாங்கிவந்தாள். ஒரு பழைய பாத்திரத்தில் மெழுகைப் போட்டு, அதைக் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி உருக்கினாள். நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு சைக்கிளிலிருந்து செயினைக் கழற்றி அப்படியே உள்ளே போட்டாள். பழைய எண்ணெயைக் கழுவவில்லை. பத்தே நிமிஷத்தில் வெள்ளை மெழுகு ராகிக்களி நிறத்துக்கு வந்துவிட்டது. மெழுகும் எண்ணெயும் கலந்து இறுகாமல் கொழகொழவென்று செயினில் தொங்கியது. மறுநாள் அது முன்பைவிட மோசமாகக் கறை அடித்தது.

நான் படியில் நின்று பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை என்று இப்போது எழுதும்போது தெரிகிறது, அன்று தெரியவில்லை.

அவள் அந்த மெழுகைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி அரைக் கிலோ வாங்கினாள். இந்த முறை செயினைத் தண்ணீர் பாட்டிலுக்குள் போட்டு, பெட்ரோல் ஊற்றிக் குலுக்கினாள். கறுத்த பெட்ரோலைக் கொட்டிவிட்டு மறுபடி குலுக்கினாள். ஐந்தாவது தடவை பெட்ரோல் தெளிவாக வந்தது. கடைசியாகப் பெயிண்டர்கள் கலக்கிற தின்னரில் அலசி, வெயிலில் காயவைத்து, பிறகுதான் மெழுகில் போட்டாள். செயினின் கண்ணிகளுக்குள்ளிருந்து குமிழ் குமிழாகக் காற்று வந்தது. குமிழ் நின்றதும் கம்பியில் மாட்டி ஆறவைத்தாள். ஆறிய செயின் கம்பு மாதிரி விறைத்து நின்றது. கண்ணி கண்ணியாக மடக்கி உடைத்துத் தளர்த்தி, சைக்கிளில் மாட்டி, பெடலைச் சுற்றினாள்.

சத்தமே இல்லை. ஆள்காட்டி விரலைச் செயினில் தேய்த்து, நேராக என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். விரல் சுத்தமாக இருந்தது.

"புதுசுல அப்படித்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டேன்.

மழை வந்தபோது எனக்கு ஒரு சந்தோஷம் கிடைத்தது. ஆவணியில் ஒரு நாள் நனைந்துகொண்டு வந்தாள். மறுநாள் காலையில் செயின் கிறீச் கிறீச்சென்று தெருவையே எழுப்பியது. கண்ணிகளில் லேசாகத் துருவும் இருந்தது. "எண்ணெய் போட்டிருந்தா இந்த வம்பு உண்டா?" என்று ஜன்னலிலிருந்து கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செயினைக் கழற்றி, துருவைத் தேய்த்து, மறுபடி மெழுகில் போட்டாள். அதிலிருந்து ஒரு முறையை வைத்துக்கொண்டாள். காய்ந்த நாளில் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் மெழுகு. நனைந்தால் வீட்டுக்கு வந்ததும் துடைத்து, அன்றே மெழுகு. எவ்வளவு களைப்பாக வந்தாலும் இந்த வேலையைத் தள்ளிப்போட்டதை நான் பார்த்ததில்லை. ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் வந்தது. ஒரு சேலையிலும் ஒரு புள்ளி இல்லை.

இனி என் பங்கைச் சொல்கிறேன்.

ஆயுத பூஜை அன்று எங்கள் கட்டடத்து வண்டிகளுக்கெல்லாம் பூஜை போடுவது நான்தான். இந்த ஊரில் அன்றைக்குத் துடைக்காத வண்டியும் கிடையாது, எண்ணெய் படாத மெஷினும் கிடையாது. பஸ்ஸிலிருந்து பம்ப்செட் வரைக்கும் எல்லாவற்றுக்கும் குளியல், சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. ராமக்காள் உள்ளே ஒரு கல்யாணச் சேலைக்குக் கடைசி வரிசைக் குச்சு கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் விஜயதசமி. பதினொரு மணிக்குப் பெண் வீட்டார் கடைக்கு வந்து சேலையை வாங்கிப்போய் சாமி முன்னால் வைப்பதாக ஏற்பாடு. மஞ்சுநாத் சொன்ன கெடுவுக்கு அதுதான் கடைசிச் சேலை.

எட்டு ஸ்கூட்டர்களைக் கழுவி முடித்துவிட்டு அவளுடைய சைக்கிளுக்கு வந்தேன். செயின் வெளிறிப்போய், வறண்டு கிடந்தது. வருஷத்தில் ஒரு நாள், அதுவும் ஆயுத பூஜை அன்று, ஒரு இயந்திரம் இப்படித் தொண்டை காய்ந்து நிற்கலாமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. கேனை எடுத்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே தாராளமாக விட்டேன். பாசத்தில்தான் செய்தேன். ஆனால் மனசில் கள்ளமே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. செயின் எண்ணெயில் பளபளத்தபோது, கடைசியில் நான் ஜெயித்துவிட்டேன் என்று ஓர் அற்பத் திருப்தி வந்தது. அதன்மேல் செவ்வந்தி மாலையைச் சுற்றிவிட்டேன். ஆரத்திக்கு வந்த ராமக்காள் மாலையைத்தான் பார்த்தாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு வாசலிலிருந்து அவள் குரல் கேட்டது. இறங்கிப் போனேன். மாலை தரையில் கிடந்தது. அவளுடைய பத்து விரலும் கறுப்பு.

"யாருங்ணா இதுல எண்ணெய் உட்டது?"

"பூஜையாச்சேன்னு..."

"நான் உங்க சாமி ரூமுக்குள்ள வந்து எதையாச்சும் மாத்தி வெச்சனுங்களா? என்ர வண்டீல நீங்க எதுக்குங்க கை வெச்சீங்க?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபத்தில் வந்த தண்ணீர். என் காது சூடானது. இருபத்தாறு வருஷ வேலையில் எந்த ஆபீசரும் என்னை இப்படி நிற்கவைத்ததில்லை.

"ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடறேம்மா," என்றேன். "ஜம்பு சவாரி யானை ஊர்வலத்துக்கு ரோடெல்லாம் அடைச்சிருப்பாங்க. அடைச்ச எடம் வரைக்கும் போயி, மிச்சத்தை நடந்துக்கலாம். கடை வாசல்ல சைக்கிளை யாரு தேடப்போறா?"

"மஞ்சுநாத் தேடுவாருங்க. சைக்கிள்லதான் வருவேன்னு சொன்னது நானு. இன்னிக்கு உங்க வண்டீல போயி எறங்குனா, நாளைக்கும் அப்படியே வான்னு சொல்லுவாரு. நாளைக்கு நீங்க வருவீங்களா?"

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற கெம்பையன் அன்றைய முதல் வார்த்தையைப் பேசினான்.

"எண்ணெய் உட்டவரே கழுவட்டும்."

கழுவினேன். என் ஸ்கூட்டர் டேங்கிலிருந்து குழாய் போட்டு பெட்ரோல் உறிஞ்சி எடுத்தேன். வாயெல்லாம் பெட்ரோல். அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று ராமக்காள் என்னை கேட்டுக்கு வெளியே உட்காரவைத்தாள். ஒரு தடவை குலுக்கினேன், கறுப்பு. இரண்டு, மூன்று, இன்னும் கறுப்பு. நாலாவது தடவை, "போதும்மா, இது தெளிவுதான்," என்றேன். அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா," என்றாள். கெம்பையன் பின்சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரங்களின் இடுக்கில் துணியை விட்டு இழுத்து எண்ணெயை எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு மூன்று நாள் தாடிபோல முகத்திலும் கறுப்பு ஏறிவிட்டது.

எட்டரைக்குச் செயின் காய்ந்தது. அவள் அவசரப்படவில்லை. நான்தான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்தேன். மெழுகில் குமிழ் நிற்கும்வரை நின்றாள். ஆறவிடாமல் சைக்கிளில் மாட்டினால் மெழுகு வழிந்துவிடும் என்று கம்பியில் தொங்கவிட்டு, ஃபேன் போட்டுவிட்டு, குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது வெள்ளைப் பேண்ட் போட்டிருந்தாள். வெள்ளை!

"இன்னிக்குப் போயி வெள்ளையா?" என்று என்னை அறியாமல் கேட்டேன்.

"கறை இருந்தா எனக்குத்தானுங்க மொதல்ல தெரியோணும்."

பத்து மணிக்குச் சேலைப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தடுப்புக் கட்டையில் போலீஸ்காரர் என்னை நிறுத்தினார். அவளை, "தள்ளிக்கிட்டுப் போம்மா," என்று விட்டுவிட்டார். ஊர் முழுக்கத் தெருவோரம் பாய் விரித்து இடம் பிடித்திருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் அவள் சைக்கிளைத் தள்ளினாள், நான் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். கூட்டம் குறைந்த சந்தில் மறுபடி ஏறி மிதித்தாள்.

கடைக்குள் பெண் வீட்டார் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சுநாத் வாசலில் நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து பேண்ட் ஓரத்தைத்தான் பார்த்தார். வெள்ளையைக் கண்டு புருவத்தைத் தூக்கினார்.

"பேண்டை விடுங்க. செயினைத் தொட்டுப் பாருங்க," என்றாள் ராமக்காள்.

அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். செயினைத் துணியோடு பிடித்துக்கொண்டு, பெடலைப் பின்பக்கமாக இரண்டு சுற்று சுற்றினார். ஒரே ஒரு இடுக்கில் நான் விட்ட எண்ணெய் மிஞ்சியிருந்தால் போதும், ஒன்பது வருஷம் போய்விடும். அவர் கைக்குட்டையை விரித்தார். கொஞ்சம் வெள்ளைத் தூள் இருந்தது. உதறினார், விழுந்துவிட்டது.

ராமக்காள் உள்ளே போய் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சேலையை மடியில் விரித்தாள். பெண்ணின் அம்மா குச்சு வரிசையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். சேலையை முழுக்கப் பிரித்து, உடலையும் ஓரத்தையும் வெளிச்சத்தில் பார்த்தார். "சென்னாகிதே," நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தார். நானும் பார்க்கலாமென்று செருப்பைக் கழற்றி ஒரு காலை மெத்தையில் வைக்கப் போனேன்.

"அண்ணா, நீங்க அங்கயே நில்லுங்க!"

ராமக்காள்தான். உள்ளங்கையை நீட்டித் தடுத்துவிட்டாள். குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன். சட்டை, கை, நகக்கண், எல்லாம் கறுப்பு. காலை வாசலுக்கு வெளியே இழுத்துக்கொண்டேன்.

பெண் வீட்டார் கிளம்பியதும் மஞ்சுநாத் சொன்னார்.

"ஆய்து, சரி ராமக்கா. நான் தோத்தேன். இனி சைக்கிள் பேச்சு கிடையாது. கார்த்திகைல கல்யாணம் ஜாஸ்தி, வாரத்துக்குப் பத்துச் சேலை தர்றேன்."

எழுந்து பையை எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"நீங்க ஒரு கெடு வெச்சீங்க, நான் கேட்டனுங்க. இப்ப நான் ஒண்ணு சொல்றனுங்க. மழையில மெழுகு நிக்காதுங்க. மழை பேயற அன்னிக்கு நான் வரமாட்டேன், மறுநாளுதான் சேலை வரும். அவசரம்னு போன் போடக்கூடாதுங்க."

மஞ்சுநாத் அவளைப் பார்த்தார், வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தார். குறுக்கே நின்ற என்னையும் ஒரு தரம் பார்த்தார்.

"ஆகட்டும்மா," என்று சொல்லிவிட்டு, பத்துச் சேலைகளையும் தானே எண்ணிப் பையில் வைத்து, வெளியே வந்து, அவளுடைய கேரியரில் கட்டினார்.